பிறர் எழுதிய கட்டுரைகள்

அமெரிக்கக் கல்லூரிகள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே ஊதியம் வழங்கலாம் என்னும் உடன்பாட்டை 2025 ஜூன் மாதத்தில் அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றது. முதலாண்டில் ஒரு கல்லூரி ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்பது கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். இத்தகைய அரங்குகள் நிரம்பி வழிய, தொலைக்காட்சி நிறுவனங்கள் கொட்டிக் கொடுக்க, ஆடுகிற பிள்ளைக்கு உதவித்தொகையோடு சரி என்றிருந்த நெடுங்கால ஏற்பாடு இப்போது மாறியிருக்கிறது. நல்லதுதான். ஆயினும் இத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்னும் பேச்சை நம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கல்வி தருவதாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு பத்தியை வாசித்துப் பொருள் கொள்ளவும் இயலாத நிலையிலேயே சிலரை வெளியே அனுப்பிய கடன் ஒன்று பழைய பேரேட்டில் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி இப்போது பேசுவோர் அரிது.

கெவின் ராஸ் என்பவரின் வழக்கை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும். கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். 1978இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்காக அவரைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டது. கல்லூரி நுழைவுக்கான ஏ.சி.டி. தேர்வில் அவர் பெற்றது 36க்கு 9. அவ்வாண்டு அங்கே சேர்ந்த பிற மாணவர்களின் சராசரி 23.2. இவரால் அங்கே படித்துத் தேற இயலாது என்பதைப் பல்கலைக்கழகம் அறிந்தே சேர்த்தது என்று பின்னாளில் அவர் நீதிமன்றத்தில் முறையிட்டார். தேவையான தனிப்பயிற்சி அளிப்போம் என்ற வாக்குறுதியும் இருந்ததாம். நடந்தது வேறு. துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு என்று பட்டத்துக்கு உதவாத பாடங்களில் அவரைச் சேர்த்தார்கள். பிற பாடங்களுக்கென விளையாட்டுத் துறை ஒரு செயலரை அமர்த்தியது. ராஸ் படிக்க வேண்டியவற்றைப் படிப்பதும், அவர் எழுத வேண்டிய கட்டுரைகளை ஆயத்தம் செய்து தட்டச்சு செய்வதும் அந்தச் செயலரின் வேலை. நான்கு ஆண்டுகள் ஆடி முடித்து 1982இல் வெளியேறியபோது பட்டத்துக்கு வேண்டிய 128 மதிப்பலகுகளில் 96 மட்டுமே அவரிடம் இருந்தன. அவருடைய மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனுடையது, வாசிப்புத்திறன் ஏழாம் வகுப்பு மாணவனுடையது என்று வழக்கு ஆவணம் கூறுகிறது.

நம்மை விட்டு அகலாத உருவம் அந்தச் செயலர்தான். நம் ஊர்களிலும் பிறருக்காக எழுதித் தந்தவர்கள் இருந்தார்கள். அஞ்சலகத்து வாசலில் அமர்ந்து மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பவர், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் பதிலையும் எழுதிக்கொண்டு போன தபால்காரர். அங்கே எழுத்து மட்டுமே இரவல், சொல் சொன்னவருடையது. தன் மகனுக்கு எழுதச் சொன்ன தாய் தான் சொன்னதையே எழுதினார்களா என்று இன்னொரு முறை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். ராஸின் பெயரில் தட்டச்சான கட்டுரைகளில் சொல்லும் அவருடையதாக இருந்திருக்காது. தம் பெயர் தாங்கிய தாளைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்ள இயலாத மாணவர் என்று ஒருவரை ஒரு பல்கலைக்கழகம் நான்காண்டுகள் வைத்திருந்தது என்றால் அங்கே கல்வி என்று எதைச் சொன்னார்கள்?

ராஸ் அதன்பின் செய்ததை எத்தனை பேர் செய்வார்கள் என்று தெரியவில்லை. சிகாகோவில் மார்வா காலின்ஸ் என்னும் ஆசிரியை 1975இல் தொடங்கிய வெஸ்ட்சைடு பிரிபரேட்டரி பள்ளிக்குப் போய், சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து ஓராண்டு படித்தார். ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஷேக்ஸ்பியரையும் கிரேக்க ஆசிரியர்களையும் தயங்காமல் கற்பித்தவர் காலின்ஸ். 'இவர்களுக்கு இது போதும்' என்று எதையும் குறைத்துக் கொடுக்க மறுத்தவர் என்பதாலேயே நமக்கு அவர்மேல் மதிப்பு. நான்காண்டுகளில் ஒரு பல்கலைக்கழகத்தால் இயலாதது ஓராண்டில் ஓர் எளிய பள்ளியில் பெருமளவு இயன்றது. பின்னர் ராஸ் சிகாகோவின் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பணமில்லாமல் விலகினார்.

அமெரிக்கர்கள் இவ்வீரர்களுக்கு இட்ட பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சொற்களோடு பிழைப்பு நடத்தும் நமக்கு அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 'ஸ்டூடண்ட் அத்லெட்', அதாவது மாணவ வீரர். முதலில் மாணவர், பிறகே வீரர் என்னும் ஒலி அதில் இருக்கிறது. ஏதோ கல்வியாளர் ஒருவர் பரிவோடு படைத்த சொல் என்றே கேட்பவருக்குத் தோன்றும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) முதல் செயல் இயக்குநராக நெடுங்காலம் இருந்த வால்ட்டர் பையர்ஸ், ஓய்வுக்குப்பின் 1995இல் எழுதிய நூலில் அதன் பிறப்பை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் காயம்பட்ட வீரர்களைத் தொழிலாளர்கள் என்று நீதிமன்றங்கள் கொண்டுவிட்டால் இழப்பீடு தரவேண்டி வருமே என்னும் அச்சத்தில் 1950களில் ஆக்கிய சொல் அது. 1955இல் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ரே டென்னிசன் என்னும் வீரரின் மனைவி இழப்பீடு கேட்டுப் போராடினார். 1957இல் அம்மாநில உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. 'மாணவர்' என்பது இங்கே கற்றுத்தருவோம் என்னும் உறுதிமொழியாகப் பிறக்கவில்லை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழக்கறிஞர் வாதத்துக்குத் துணையாகப் பிறந்தது. பிறப்பு அப்படியிருக்க, வளர்ப்பு எப்படி இருக்கும்?

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் ஜேன் கெம்ப் என்னும் ஆசிரியை, தேறாத கால்பந்து வீரர்கள் ஒன்பது பேரை ஆங்கில அடிப்படை வகுப்பிலிருந்து தேற்றி அனுப்பியதை எதிர்த்தார். (அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் பற்றிக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம்.) அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். வழக்குத் தொடுத்தார். 1986இல் வென்று பணிக்கும் திரும்பினார். பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அவரைப் போல் ஓரிருவர் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதே ஆறுதல்.

வட கரோலினாவில், சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அமெரிக்காவின் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. அங்கே ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகள் துறையில் 1993 முதல் 2011 வரை 18 ஆண்டுகள் 'காகித வகுப்புகள்' நடந்தன. ஆசிரியர் இல்லை, கூட்டம் இல்லை, வருகைப்பதிவு இல்லை. பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அக்கட்டுரைகளுக்குத் தாராளமாக மதிப்பெண் இட்டவர் பேராசிரியர் அல்லர், துறையின் அலுவலகச் செயலர் டெபோரா கிரவுடர். 2014 அக்டோபரில் வெளியான வெயின்ஸ்டைன் அறிக்கையின்படி 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வகுப்புகளில் பயன்பெற்றார்கள், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். 2009இல் அச்செயலர் ஓய்வு பெற்றபோது கால்பந்து வீரர்களின் கல்வி ஆலோசகர்கள் கலங்கிப்போய், இனி அந்த வகுப்புகள் கிடையா என்று பயிற்சியாளர்களுக்குப் படம்போட்டு விளக்கினார்களாம்.

ராஸின் காலத்தில் ஒரு செயலர் கட்டுரை எழுதினார், இங்கே ஒரு செயலர் கட்டுரையைத் திருத்தினார். முப்பதாண்டு வளர்ச்சி!

அந்த அம்மையாரைக் கொடியவராகக் காட்ட அறிக்கையும் முயலவில்லை. தடுமாறும் பிள்ளைகள்மேல் அவருக்கு இரக்கம். அந்த இரக்கத்தில்தான் எல்லாம் நடந்தது. நமக்கு இதில் மிகவும் கலக்கம் தருவது இதுவே. பேராசையால் நடக்கும் கேட்டைக் கண்டுபிடிக்கலாம், தண்டிக்கலாம். இரக்கத்தால் நடக்கும் கேட்டுக்கு எல்லாரும் நன்றி சொல்கிறார்கள், கெடுக்கப்பட்டவர் உட்பட. அதே பல்கலைக்கழகத்தில் வீரர்களுக்கு வாசிப்பு உதவி செய்துவந்த மேரி வில்லிங்ஹாம், 2014இல், தாம் ஆராய்ந்த 183 வீரர்களில் பெரும்பான்மையோர் எட்டாம் வகுப்புக்கு மேற்படாத அளவிலேயே வாசிப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகம் அவருடைய கணக்கைக் கடுமையாக மறுத்தது. அவர் அவ்வாண்டே விலகினார். எண் சரியா தவறா என்னும் சண்டையில், காகித வகுப்பு எவருக்காகத் தேவைப்பட்டது என்னும் கேள்வி ஒதுங்கிப்போயிற்று. 2017இல் என்.சி.ஏ.ஏ. தீர்ப்புச் சொன்னது: அவ்வகுப்புகள் வீரரல்லாத மாணவர்க்கும் திறந்திருந்தமையால் தன் விதிகள் மீறப்பட்டதாக முடிவுகட்ட இயலாது. ஏமாற்று எல்லார்க்கும் பொதுவாயின் அது ஏமாற்று ஆகாது போலும்.

இதற்கெல்லாம் மருந்தாக அவர்கள் கண்டது வாயிற்கதவை உயர்த்துவது. 1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்த 48ஆம் தீர்மானம், எஸ்.ஏ.டி. தேர்வில் குறைந்தது 700 பெற்றவரே முதலாண்டில் ஆடலாம் என்றது. 1989இல் அதை இன்னும் இறுக்கி உதவித்தொகையையும் மறுக்கத் துணிந்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தைவிட்டு வெளிநடப்புச் செய்தார். வெளியே நிறுத்தப்படுவோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளே என்பது அவர் வாதம். நாம் அவர் பக்கமே. பின்பு விதிகள் பலமுறை மாறின. 2023 ஜனவரியில் நுழைவுத்தேர்வு நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள். கதவு உயர்ந்தது, தாழ்ந்தது, அகன்றது. உள்ளே வந்தபின் அப்பிள்ளைக்கு எழுத்தை யார், எந்த நேரத்தில் கற்றுத்தருவது என்பது மட்டும் ஓரத்துப் பேச்சாகவே இருந்தது. பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரமே என்று விதியுண்டு. சங்கமே நடத்திய கணக்கெடுப்புகளில் வீரர்கள் சொன்ன நேரம் அதைவிட மிகக் கூடுதல். களைத்துத் திரும்புகிறவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்?

ராஸ் 1989இல் தொடுத்த வழக்குக்குத் திரும்புவோம். கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நுட்பமான ஒரு கோடு கிழித்தது. கற்பித்தது நன்றா தீதா என்று நீதிமன்றம் அளக்க முடியாது. கல்வி எத்தனையோ காரணங்களால் வாய்க்காமல் போகலாம். ஆனால் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டு, வாக்களித்த உதவியை அறவே தராமல், அவர் கல்வியில் எவ்வகையிலும் பங்கேற்க முடியாதபடி செய்திருந்தால் அது ஒப்பந்த மீறல் ஆகுமா என்று விசாரிக்கலாம். இந்த அளவில் வழக்கு உயிர்பெற்றது. அவ்வாண்டே 30,000 டாலரில் சமாதானமாயிற்று, விசாரணை நடக்கவில்லை. தொகையை விடுவோம். அக்கோட்டைப் பற்றியே ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். மாணவர் தேறாமல் போவதற்கு நாம் முழுப்பொறுப்பாளிகள் ஆகமாட்டோம். அவர் கற்கவே வழியில்லாதபடி செய்துவிட்டு மதிப்பெண் மட்டும் வழங்குவதற்கு முழுப்பொறுப்பாளிகள் ஆவோம்.

நம் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அமெரிக்கக் கோடிகள் இங்கே இல்லை. பரிசுக்கோப்பையும் நாளிதழில் ஒரு படமும் கிடைத்தால் நிர்வாகம் மகிழ்ந்துபோகும். அந்த மாணவர்கள் பகுதி ஒன்று தமிழ் வகுப்புக்குத்தான் நம்மிடம் வருகிறார்கள், அதாவது வரவேண்டியவர்கள். மண்டலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, மாநிலப் போட்டி என்று 'ஆன் டியூட்டி' கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். பருவ முடிவில் விடைத்தாள் வரும். வினாத்தாளையே திரும்பத் திரும்பப் பார்த்தெழுதி நான்கு பக்கத்தை நிரப்பிய கபடி வீரர்களை விடைத்தாள் திருத்தும் எவரும் அறிவர். தாய்மொழியில்தான் இது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்துவந்த பிள்ளை, எழுத்தைப் படமாக வரைகிறானே ஒழிய வாசிப்பதில்லை. அப்போது துறை அறையில் ஒரு குரல் எழும்: 'பாவம், மெடல் வாங்கின பையன் சார், பார்த்துப் போடுங்க.' சொல்பவர் நல்லவர். கிரவுடரும் நல்லவரே.

அவனை வெளியே நிறுத்துங்கள் என்பாரும் உண்டு. அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. ஓட்டத்தினால்தான் அவன் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருப்பான். அமெரிக்காவிலேயே கல்லூரிக் கால்பந்து ஆடுவோரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. இங்கே கபடி, கைப்பந்து ஆடும் பிள்ளைக்கு முழங்கால் ஒருமுறை பிசகினால் மிஞ்சப்போவது அவனால் வாசிக்க முடிகிற அளவு மட்டுமே. பணி நியமன ஆணை, வங்கிக் கடன் பத்திரம், மருத்துவர் எழுதிய சீட்டு என எல்லாவற்றுக்கும் அவன் இன்னொருவரைத் தேடிப் போகவேண்டும்.

செலவில்லாத ஒரு யோசனை நமக்கு உண்டு. உடற்கல்வித் துறையின் பயிற்சி அட்டவணையில் காலை ஆறு முதல் எட்டு வரை ஓட்டம் என்று எழுதியிருக்கும் தாளிலேயே எட்டரை முதல் ஒன்பதரை வரை வாசிப்பு என்றும் எழுதலாம். வருகைப்பதிவைப் பயிற்சியாளரே எடுக்கட்டும், அவர் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்படுவார்கள். தமிழ்த்துறையிலிருந்து நாளுக்கொருவர் போனால் போதும். முதல் மாதம் பாடநூல் வேண்டாம், நாளிதழின் விளையாட்டுப் பக்கம் போதும். அவனுக்குத் தெரிந்த பெயர்களும் தெரிந்த ஆட்டமும் அதில் இருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் நாள்களில் பேருந்திலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.