பண்டிகைக்காகப் பிரசவத்தை முடுக்கலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலைப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு அவை ஒரு வேடிக்கை. பஸ்ஸில் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வருவார்கள்.

அதே பாதையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இடுப்பு வலியோடு கீழே இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் எண்ணுவாள். இன்னும் எத்தனை வளைவு, இன்னும் எத்தனை வளைவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள்.

சாதாரண நாளிலேயே இப்படி. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். ஏரிக்கரை முதல் அடிவாரம் வரை வாகனங்கள் ஊர்ந்து போகும். பொங்கல், தீபாவளி என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தாலும் இதே கதைதான்.

ஆகவே, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி பண்டிகையை ஒட்டி வந்துவிட்டால், நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கவலை பிறப்பது இயற்கை. "முன்னதாகவே வலியை வரவழைத்துவிட்டால் என்ன?" என்று தோன்றுவதும் இயற்கை.

மலையில் மட்டும்தான் இந்த எண்ணம் என்பதில்லை. கீழே நகரத்து வீடுகளில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"தீபாவளிக்கு டாக்டரம்மா ஊருக்குப் போய்விடுவாராம், கண்ணு. அதற்குள் ஊசி போட்டு முடித்துக்கொண்டால் நல்லதுதானே?" என்கிறார் மாமியார்.

"இன்னும் நாள் இருக்கிறதே, அத்தை!" என்கிறாள் மருமகள்.

"பத்து நாளில் என்ன வந்துவிடப் போகிறது? கையில் குழந்தையோடு தீபாவளி கொண்டாடலாம்" என்கிறான் கணவன்.

பத்து நாளில் என்ன வந்துவிடும்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

280 நாள் கணக்கு

டாக்டர் சொல்லும் தேதி எப்படி வருகிறது? கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் கூட்டிச் சொல்கிறார்கள். அது ஓர் உத்தேசக் கணக்கு. ரயில் புறப்படும் நேரம் போல அதை எண்ணக் கூடாது. குறித்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். மற்றவை எல்லாம் முன்னே பின்னேதான் பிறக்கின்றன.

மாதவிலக்குத் தேதி சரியாக நினைவில்லை என்றால் கணக்கே தவறிப் போகும். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்திருந்தால் ஓரளவு சரியான தேதி கிடைக்கும். ஸ்கேனும் இல்லை, தேதியும் நினைவில்லை என்றால், "38 வாரம் ஆகிவிட்டது" என்று நாம் நினைப்பது உண்மையில் 36 வாரமாகவே இருக்கலாம். அந்த நிலையில் வலியை வரவழைத்தால் குறைமாதக் குழந்தையை நாமே வலிய வெளியே இழுத்ததாகும்.

முன்பெல்லாம் 37 வாரம் முடிந்தாலே நிறைமாதம் என்று ஒரே பெயராகச் சொல்லிவந்தார்கள். 2013-ம் ஆண்டில் அமெரிக்க மகப்பேறு டாக்டர்களின் சங்கம் அதைப் பிரித்துவிட்டது. 39 வாரம் நிறைந்த பிறகுதான் முழு நிறைமாதம். 37-ம் 38-ம் முன் நிறைமாதம் என்று வகுத்தது. காரணம் இதுதான்: 37, 38 வாரங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு, 39 வாரம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளைவிட மூச்சுத் திணறல் அதிகம் வருகிறது. பால் குடிப்பதில் சோர்வு, மஞ்சள் காமாலை ஆகியவையும் கூடுதல். 35 வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாத எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. மீதி ஒரு பங்கு கடைசி வாரங்களில்தான் வளர்கிறது.

ஆகவே அந்தப் பத்து நாள் சும்மா கழிகிற நாள் அல்ல. நமக்குத்தான் அது காத்திருப்பு. குழந்தைக்கு அது வேலை நாள்!

காப்பித் தோட்டத்துப் பாடம்

சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து அங்கே காப்பி விளைகிறது. ஒரே செடியில் ஒரே கொத்தில் சிவந்த பழமும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். நல்ல தோட்டத்தில் சிவந்ததை மட்டும் பறித்துவிட்டுப் பச்சையை விட்டு வைப்பார்கள். சில நாள் கழித்து மறுபடியும் வருவார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் உருவிப் போட்டால் சரக்கு கெட்டுவிடும்.

பிரசவத்திலும் இப்படி ஒரு பக்குவம் உண்டு. கருப்பையின் வாய் மிருதுவாகி, குறுகி, சற்றே திறந்திருக்க வேண்டும். குழந்தையின் தலை கீழே இறங்கியிருக்க வேண்டும். 1964-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் பிஷப் என்பவர் இவற்றுக்கெல்லாம் மார்க் போட்டுப் பார்க்கும் முறையை வகுத்தார். இன்றும் டாக்டர்கள் அந்த மார்க்கைப் பார்க்கிறார்கள். மார்க் குறைவாக இருக்கும்போது வலிக்கு மருந்து ஏற்றினால், மணிக்கணக்கில் வலி எடுத்தும் வாய் திறக்காமல், கடைசியில் ஆபரேஷனில் போய் முடியக்கூடும்.

வலிக்கு ஏற்றும் மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். நம் உடம்பிலேயே சுரக்கும் பொருள்தான். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய டு விக்னோ என்ற விஞ்ஞானிக்கு 1955-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றுகிற மருந்து அது. ஆனால் பிரசவத்துக்கு முன் அதைச் சொட்டுச் சொட்டாக, அளந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். அளவு மீறினால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். கருப்பையே கிழிந்துபோகவும் கூடும். முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கவனிக்க ஆளில்லாத இடத்தில் வலி ஊசி போட்டுக்கொள்வது நெருப்போடு விளையாடுவதாகும்.

மறுபக்கமும் உண்டு

"வலியை வரவழைப்பதே தவறா?" என்று கேட்பீர்கள். இல்லை. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 41 ஆஸ்பத்திரிகளில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த ஆரோக்கியமான பெண்கள் 6,100 பேருக்கு மேல் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2018-ல் வெளிவந்தது. 39-வது வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு சிசேரியன் ஆயிற்று. காத்திருந்தவர்களில் 22 பேருக்கு ஆயிற்று. குழந்தைகளுக்குக் கெடுதல் ஒன்றும் கூடவில்லை. ஆகவே 39 வாரம் நிறைந்து, தேதி நிச்சயமாகத் தெரிந்து, கண்காணிப்பு நன்றாக உள்ள ஆஸ்பத்திரியில், டாக்டரும் தாயும் கலந்து முடிவு செய்தால் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் உலக சுகாதார நிறுவனம், சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பத்தில் 41 வாரம் நிறையும் முன் வலியை வரவழைக்கச் சிபாரிசு செய்யவில்லை. 41 நிறைந்துவிட்டால் மேற்கொண்டு காத்திருக்காமல் வரவழைக்கச் சொல்கிறது. ஏழை நாடு, பணக்கார நாடு, வசதியுள்ள ஆஸ்பத்திரி, வசதி குறைந்த ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மனத்தில் வைத்துச் சொன்ன யோசனை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற காரணங்களால் "இப்போதே பிரசவம் ஆக வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், "தீபாவளி கழியட்டும்", "அஷ்டமி போகட்டும்" என்று தள்ளிப்போடுவதும் அதே தவறுதான். பண்டிகைக்காக முன்னே தள்ளவும் கூடாது. பின்னே தள்ளவும் கூடாது.

உலகமெல்லாம் இதே ஆசை

காலண்டரைப் பார்த்துப் பிள்ளை பெறுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளிலும், சனி ஞாயிறுகளிலும் பிறக்கும் குழந்தைகள் குறைவு. நாள் குறித்துச் செய்யும் பிரசவங்களை வேலை நாட்களில் வைத்துக்கொள்வதே முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் 2004-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பிறக்கும் குழந்தைக்கு 3,000 டாலர் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஜூலைக்குத் தள்ளிப்போடப்பட்டன என்று பொருளாதார நிபுணர்கள் இருவர் கணக்கிட்டார்கள். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் கவலைப்பட வேறு காரணமும் உண்டு. 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 64. எல்லாம் தேவையில்லாத ஆபரேஷன் என்று நான் சொல்லவில்லை. உயிர் காத்தவை எத்தனையோ உண்டு. ஆனால் ஏற்கெனவே இவ்வளவு இருக்கும் இடத்தில், பண்டிகையையும் ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டுமா?

வீட்டு வைத்தியம்

"ஊசி வேண்டாம்; விளக்கெண்ணெய் குடித்தால் தானே வலி வந்துவிடும்" என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கெண்ணெயால் நிச்சயமாக வருவது வயிற்றுப்போக்கு. நாலைந்து தடவை போனால் உடம்பில் நீர் வற்றிப் பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும். நடை நல்லது, டாக்டர் தடை சொல்லாவிட்டால் நடக்கலாம். ஆனால் வலி வரவழைப்பதற்கென்று நிறைமாதத்தில் மலைச்சரிவில் ஏறி இறங்கச் சொல்லாதீர்கள்.

மலைத் தாய்க்கு என்ன வழி?

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். நகரத்துக் குடும்பத்தின் காரணத்தைவிட மலைக் குடும்பத்தின் காரணம் கனமானது. டாக்டர் லீவு என்பதோடு போகவில்லை, பாதையே அடைபடலாம். 2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது என்றாலும், அதுவும் மலைப் பாதைதான். 2008-ம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸும் அந்த வளைவுகளில்தான் வர வேண்டும்.

அப்படியானால் மலைத் தாய்க்கு மட்டும் முன்கூட்டியே வலி வரவழைக்கலாமா? வேண்டாம். பிரசவ நாளை நகர்த்துவதைவிடத் தாயை நகர்த்துவது மேல்! தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே அவளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்வதுதான் சரியான வழி.

இது புதிய யோசனை அல்ல. கியூபா நாட்டில் 1962-ம் ஆண்டிலேயே, தொலைதூரக் கிராமத்துக் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரி அருகே வந்து தங்குவதற்கு வீடுகள் ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் மலைவாழ் தாய்மார்களுக்காக, மலைப்பகுதிகளை அடுத்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஏற்பட்டிருக்கின்றன. துணைக்கு ஒருவரோடு வந்து தங்கலாம், சாப்பாடும் உண்டு. உங்கள் ஊர்க் கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டால் அருகில் எங்கே வசதி இருக்கிறது என்று சொல்லுவார். அடிவாரத்திலோ சேலத்திலோ உறவினர் வீடு இருந்தால் அதுவும் போதும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிக்குப் பண்டிகை லீவு கிடையாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

தேதி பண்டிகையை ஒட்டி வருகிறது என்றால், ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: "நீங்கள் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள்?" இரண்டாவது: "அன்று ஆபரேஷன் செய்யவும், மயக்க மருந்து கொடுக்கவும், ரத்தம் கொடுக்கவும் வசதி உண்டா?" மூன்றாவது: "வலியை வரவழைப்பதாக இருந்தால், அதற்கு என் உடம்பில் காரணம் இருக்கிறதா, அல்லது காலண்டரில் இருக்கிறதா?" கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் தேதியையும் பண்டிகையையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டருக்கும் பண்டிகை உண்டு. அவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முறை வைத்து மாற்று டாக்டர் ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல் தாயின் வயிற்றில் நாள் குறைப்பது நியாயமா?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒன்பது மாதம் பொறுத்த குடும்பம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். தீபாவளி அடுத்த வருஷமும் வரும். அப்போது பிள்ளை மத்தாப்பைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கும். அதைவிடப் பெரிய பண்டிகை எது?