விடுதியைத் தேடும் முன் இருவரும் பேசுங்கள்



தை பிறந்துவிட்டால் எங்கள் வானொலி வாட்ஸ்அப்பில் இரண்டு வகைத் தகவல்கள் குவியும். ஒன்று, திருமண வாழ்த்தோடு பாட்டுக் கேட்டு வருவது. இன்னொன்று, “தேனிலவுக்கு நல்ல பீச் ரிசோர்ட் ஒண்ணு சொல்லுங்களேன்” என்று வருவது.

இரண்டாவது வகையில் எப்போதும் ஒரு குறை இருக்கும். விடுதியின் பெயர் மட்டும் வேண்டும் என்பார்கள். எந்த மாதம் கல்யாணம், எத்தனை நாள் விடுமுறை, இருவருக்கும் நீச்சல் தெரியுமா, யாராவது சைவமா என்று ஒரு வரிகூட இருக்காது. அது தெரியாமல் விடுதி சொல்வது, ஜாதகம் பார்க்காமல் முகூர்த்தம் குறிப்பது மாதிரி.

மண்டபம் என்றால் மூன்று இடம் ஏறி இறங்குகிறோம். சாப்பாடு என்றால் ருசி பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டுகிறோம். ஆனால், பல ஆயிரம் வெள்ளி போகும் தேனிலவு விடுதியை மட்டும் நடுராத்திரியில் கைப்பேசியில் நாலு படம் பார்த்து முடித்துவிடுகிறோம். அதிலும் பெரும்பாலும் இருவரில் ஒருவர் மட்டும்!

முகூர்த்த மாதமும் மழை மாதமும்

நமக்கு மார்கழியும் ஆடியும் ஆகாத மாதங்கள். கடலுக்கும் அப்படி மாதங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தையில் கல்யாணம் என்றால் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளை மறந்துவிடலாம். வடகிழக்குப் பருவமழையால் கிழக்குக்கரைக் கடல் கொந்தளிக்கும் நேரம் அது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே பெரும்பாலான விடுதிகள் மூடியே இருக்கும். அதே நேரத்தில் மேற்குக்கரையில் லங்காவிக்கு நல்ல வெயில் காலம். மாலத்தீவுக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம்தான். ஆக, தை ஜோடிகளுக்கு இந்த இரண்டும் பொருந்தும். ஒரே சிக்கல், சீனப் புத்தாண்டும் அதே வாக்கில்தான் வரும். அந்த வாரத்தில் அறை விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

வைகாசி, ஆனி ஜோடிகளுக்குக் கிழக்குக்கரைத் தீவுகள் காத்திருக்கின்றன. தெளிந்த நீர், பவளப்பாறை, மீன் கூட்டம் எல்லாம் அங்கேதான். தியோமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலியிலும் அப்போது மழை குறைவு. மாலத்தீவில் மே மாதத்திலிருந்து மழைக்காலம் தொடங்குவதால் விலை இறங்கும். “இந்த விலைக்கா!” என்று யாராவது மே, ஜூன் மாதப் பேக்கேஜைக் காட்டினால் காரணம் அதுதான்.

ஆவணியில் முடிப்பவர்கள் லங்காவிக்கு அவசரப்பட வேண்டாம். அங்கே அதிக மழை செப்டம்பர், அக்டோபரில். பங்குனியில் பாலிக்குப் போகிறவர்கள் நியெப்பி நாள் எப்போது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்த மௌன நாளில் விமான நிலையமே மூடியிருக்கும். சுற்றுப்பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வர முடியாது. சிலருக்கு அது வரம், சிலருக்குச் சிறை.

படத்தில் நீலம், நேரில் பச்சை

லங்காவி போய்வந்த ஜோடிகளிடம் அடிக்கடி கேட்கும் ஏமாற்றம் ஒன்று உண்டு. “தண்ணி நீலமாவே இல்ல!” லங்காவியைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் கலங்கிய பச்சையாகத்தான் இருக்கும். அது விடுதியின் குற்றமில்லை, அந்தக் கடலின் இயல்பு. கண்ணாடி மாதிரித் தண்ணீரில் மீன் பார்ப்பதுதான் ஆசை என்றால் நீங்கள் தேடுவது லங்காவியை அல்ல.

லங்காவி தருவது வேறு. மழைக்காடு, சதுப்புநிலக் காடு, பல கோடி ஆண்டு பழைய பாறைகள். 2007இல் யுனெஸ்கோ அதைப் புவிப்பூங்காவாக அறிவித்தது அதற்காகத்தான். அங்கேயும் எந்த விடுதி என்பதற்கு முன்னால் எந்தக் கரை என்று முடிவு செய்ய வேண்டும்.

பந்தாய் செனாங் கலகலப்பான கரை. விமான நிலையம் பக்கம். ராத்திரி பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். பேச்சும் கூட்டமும் பிடித்தவர்களுக்கு ஏற்ற இடம்.

தஞ்சோங் ரூ அமைதியான கரை. நீர் வற்றும்போது மணல்திட்டு தூரம்வரை விரியும், நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால், நீந்த நினைக்கும் நேரத்தில் தண்ணீர் அங்கே இருக்க வேண்டுமே! நீர் ஏறி இறங்கும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டத்தாய் விரிகுடா காட்டுக்குள் இருக்கிறது. அங்கே 1993இல் திறந்த விடுதியை மரங்களுக்கு நடுவில் கட்டியிருக்கிறார்கள். காலையில் இருவாச்சிப் பறவையின் குரல் கேட்கும், பால்கனிக்குக் குரங்கு வரும். வெளியே சாப்பிடப் போக வேண்டும் என்றால் காரில் நெடுந்தூரம். ஆக, மூன்றும் ஒரே தீவில் இருந்தாலும் மூன்று விதமான மனிதர்களுக்கானவை.

ஒரு தீவு, ஒரு விடுதி

மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி திறந்தது 1972இல். அன்றிலிருந்து அங்கே வழக்கம், ஒரு தீவுக்கு ஒரு விடுதி. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதன் அர்த்தம், அந்தத் தீவில் வேறு கடை கிடையாது. பசித்தால் விடுதி சொல்லும் விலைதான். அதனால், அறை விலையில் எத்தனை வேளைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி. சைவம் சாப்பிடுகிறவர்கள், தினமும் என்ன கிடைக்கும் என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். ஐந்து நாளும் சாலட்டும் பாஸ்தாவும் என்றால் ஆறாம் நாள் அம்மா வீட்டு ரசம் கனவில் வரும்.

அடுத்தது, தலைநகர் மாலேயில் இறங்கிய பிறகு உள்ள பயணம். தூரத் தீவுகளுக்குக் கடல் விமானத்தில் போக வேண்டும். அதன் கட்டணம் ஒருவருக்குச் சில நூறு அமெரிக்க டாலர், பெரும்பாலும் அறை விலையில் சேராது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் மாலேயில் இறங்கினால், முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் அறையில்தான்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பது அதன் பொருள். மாலத்தீவில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சுற்றுலா வரி 17 விழுக்காடு. 500 டாலர் அறை 640 டாலரைத் தாண்டிவிடும். அதற்கு மேல், ரிசோர்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இருவர் நான்கு இரவு தங்கினால் அது மட்டும் 96 டாலர். பாலியிலும் இந்தக் கூட்டல் குறிகளின் கணக்கு சுமார் 21 விழுக்காடு வரும்.

‘சர்ப்ரைஸ்’ ஆசை

நேயர் ஒருவர் பகிர்ந்தது. மனைவிக்குத் தெரியாமல் கடல்மேல் வில்லா பதிவு செய்திருந்தார். தரையில் கண்ணாடி, கீழே அலை. அவர் மனைவிக்குச் சிறுவயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம். மூன்று இரவும் விளக்கை அணைக்கவிடவில்லையாம். இவருக்கு அந்தப் பயம் பற்றி அங்கே போய்த்தான் தெரிந்தது. பெண் பார்த்து நான்கு மாதத்தில் கல்யாணம், இதையெல்லாம் பேச எங்கே நேரம்?

மறுபக்கமும் உண்டு. “எங்கே போகலாம்?” என்று மாப்பிள்ளை கேட்டால், “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் தேனிலவில் தொடங்கும் ‘உங்க இஷ்டம்’ வீடு வாங்கும்போதும், பிள்ளைக்குப் பள்ளி தேடும்போதும் தொடரும். பிறகு ஒரு நாள், “என்னை எப்பவாவது கேட்டீங்களா?” என்று வெடிக்கும். கணவன் மனைவியாக நீங்கள் சேர்ந்து எடுக்கும் முதல் பெரிய முடிவு இந்த விடுதி. அதை ஒருவர் மட்டும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. திடீர் சந்தோஷம் கொடுக்கத்தான் வேண்டுமா? இடத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அங்கே ஒரு மாலை விருந்தை ரகசியமாக ஏற்பாடு செய்யுங்கள்.

பணத்தையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள். கல்யாணச் செலவே இன்னும் தீராத நிலையில், கடன் அட்டையில் ஐந்து நட்சத்திரம் தேய்த்துவிட்டு வந்து, முதல் ஆண்டு நிறைவுவரை தவணை கட்டுவதில் என்ன இனிமை இருக்கிறது? முதலில் மொத்தத் தொகையைக் குறியுங்கள். விமானம், படகு, சாப்பாடு, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை இரவுகளால் வகுங்கள். கிடைக்கும் எண் சிறியதாக இருந்தால், ஐந்து இரவை மூன்றாக்குங்கள். அல்லது முதல் இரண்டு இரவை எளிய விடுதியில் கழித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுக்கு ஆசைப்பட்ட இடத்துக்குப் போங்கள். கல்யாண அலுப்பில் முதல் நாள் முழுக்கத் தூங்கத்தான் போகிறீர்கள். தூங்குவதற்கு எதற்கு ஆயிரம் வெள்ளி அறை?

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

விடுதிக்கு மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்.

1. வரி, சேவைக் கட்டணம், படகு அல்லது கடல் விமானம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
2. நாங்கள் வரும் மாதத்தில் கடலில் இறங்க முடியுமா?
3. பக்கத்தில் கட்டுமான வேலை ஏதும் நடக்கிறதா?
4. எத்தனை வேளைச் சாப்பாடு, சைவத்துக்கு என்ன ஏற்பாடு?
5. தேதியை மாற்ற வேண்டி வந்தால் பணம் என்னாகும்?

பதில் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதிலேயே அந்த விடுதியின் தரம் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் நீங்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “மத்தியானம் மூணு மணிக்கு அங்கே நீ என்ன செஞ்சிட்டிருக்கணும்னு ஆசைப்படுற?” ஒருவர் தூங்க வேண்டும் என்பார், இன்னொருவர் படகில் போக வேண்டும் என்பார். இரண்டுக்கும் இடம் இருக்கிற விடுதிதான் உங்களுக்கானது.

இந்தத் தையில் மணமேடை ஏறும் எல்லாருக்கும் என் வாழ்த்துகள். போய்வந்ததும் மறக்காமல் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். எந்த விடுதி என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று மணிக்கு என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!