மலையடிவாரக் கடைகளுக்கு எர்த் வேண்டும்

கார்த்திகை மாதத்தில் சோளிங்கர் யோக நரசிம்மர் மலையடிவாரத்தில் முளைக்கும் கடைகளுக்குத் தற்காலிக மின் இணைப்புதான் ஆதாரம். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் போதும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மின்னலின்போது நொடியின் சிறு துணுக்கில் பாயும் மிகை மின்னழுத்தத்தை அது எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும். எர்த்தே இல்லாத இணைப்பில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

நியூட்ரல் கோளாறு இன்னும் கொடியது. மும்முனை இணைப்பில், டேப் சுற்றிய கம்பி முறுக்கு மழையில் நனைந்து நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400 வோல்ட் வரை ஏறலாம். புரொடெக்டருக்குள் இருக்கும் வட்டவில்லை போன்ற வேரிஸ்டர் அதைத் தாங்காது. சூடேறிக் கருகும், தீயும் பிடிக்கலாம். மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியே இதற்குத் தீர்வு. அமெரிக்காவில் வீட்டு வேன்களில் முகாமிடுவோர் பலர், வேனை இணைக்கும் முன்பே மின்கம்பத்தின் எர்த்தையும் நியூட்ரலையும் இத்தகைய கருவியால் சோதிக்கிறார்கள்.

ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடை வரிசைதோறும் அதையும் எர்த்தையும் நகராட்சியும் மின்வாரியமும் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், சோளிங்கர்