மலைமேல் ஒரு மணி நேரம்



வேற்று நாட்டில் தனித்து வாழ்பவனுக்குச் சனிக்கிழமை மாலை மிக நீண்டது. பாரிசு நகரில் நான் வேலை பார்த்த முதல் ஆண்டில் இதனை நன்கு உணர்ந்தேன். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் என் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். குடியிருப்புப் பத்திரம் கைக்கு வராத நிலையில், அடக்கத்திற்கு ஊர் செல்ல என்னால் இயலவில்லை. அன்று முதல் நான் கோவில் வாசலை மிதிக்கவில்லை. ஆண்டவர்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல். ஊருக்குப் பேசும்போது மட்டும், "ஞாயிறு பூசை தவறுவதில்லை, அம்மா" என்று பொய் சொல்லி வந்தேன்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் என்னை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மணப்பாட்டுக்காரர். "தம்பி, அறையில் அடைந்து கிடந்தது போதும். இன்றிரவு என்னோடு வா" என்றார்.

முதலில் சேன் நதிக்கரைக்குச் சென்றோம். 1889-இல் எழுந்த ஈபெல் கோபுரம், மணி ஆறு அடித்ததும் ஐந்து நிமிடங்கள் ஆயிரமாயிரம் மின்மினிகளாய்ச் சுடர்ந்தது. கூட்டம் ஆரவாரித்தது. 'இதனை அப்பாவிடம் சொல்ல இயலாதே' என்ற எண்ணமே எனக்கு எழுந்தது. பின்னர் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் தோசை உண்டு, மேற்கு நோக்கி நடந்தோம்.

வழியில் பிகால் வீதி. களியாட்ட விடுதிகளின் வண்ண விளக்குகள் கண்ணைப் பறித்தன. அன்று நான் தனியே வந்திருப்பின் எந்தக் கதவினுள் நுழைந்திருப்பேனோ, அறியேன். நண்பரோ அறிவுரை எதுவும் கூறாமல், என் தோளில் கை போட்டபடி மோன்மார்த்தர் குன்றின்மேல் ஏறும் சந்து ஒன்றில் திரும்பினார்.

சரிவில் ஒரு சிற்றாலயத்தின் மூடிய கதவருகே நின்றார். "இந்த இடம் நம் ஊருக்குச் சொந்தம், தம்பி" என்றார். நான் வியந்தேன். 1534 ஆகஸ்டு 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, இஞ்ஞாசியாரும் அவருடைய தோழர் அறுவரும் இங்கிருந்த பழைய சிற்றாலயத்தில்தான் தங்கள் வார்த்தைப்பாட்டைக் கொடுத்தனர். அந்த அறுவரில் ஒருவர் சவேரியார். பெரும் பதவிகளை நாடிய அம்மாணவரை, ஒரே கல்லூரி அறையில் உடன் தங்கிய இஞ்ஞாசியாரின் பொறுமையான நட்பே மாற்றியது. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், பாரிசுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஆன்மாக்களை மறந்த கற்றோர் நடுவே உரக்கக் கூவ வேண்டும் போலிருப்பதாகத் தம் ஏக்கத்தைத் தெரிவித்தார். ஒரு நண்பனால் எத்தனை தலைமுறைகளுக்கு ஒளி கிடைத்தது!

குன்றின் உச்சியில் வெண்ணிறத் திரு இருதயப் பேராலயம் நின்றது. 1875-இல் அடிக்கல் நாட்டி, 1919-இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம் இது. கட்டடம் முற்றுப்பெறும் முன்னரே, 1885 ஆகஸ்டில் இங்குத் தொடங்கிய நற்கருணை ஆராதனை இரவும் பகலும் தொடர்கிறது. இரு உலகப் போர்களின்போதும் அது நிற்கவில்லை. பத்தரை மணிக்குக் கதவடைத்த பின்னர், முன்னரே பெயர் பதிந்தோர் முறை வைத்து விழித்திருப்பர். நண்பர் எங்கள் இருவர் பெயரையும் பதிந்திருந்தார்! எனக்குச் சினம் வந்தது. "வேண்டாமெனில் விருந்தினர் இல்லத்தில் படுத்து உறங்கு. மூன்று மணி என் முறை. ஆன்மாக்களின் மாதம் அல்லவா? உன் அப்பாவுக்காக நான் இருக்கிறேன்" என்றார்.

எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தைக்காக வேறொருவர் விழித்திருக்க நான் படுத்திருப்பதா? மூன்று மணிக்கு எழுந்து சென்றேன். இருண்ட ஆலயத்தில் ஏழெட்டுப் பேரே இருந்தனர்: ஆப்பிரிக்கத் தாய் ஒருவர், தள்ளாத முதியவர் ஒருவர், மாணவர் சிலர். பீடத்தில் கதிர்ப்பாத்திரம். செபம் எதுவும் வாயில் வரவில்லை. 'என்னை ஏன் போகவிடவில்லை?' என்று மட்டும் கேட்டேன். விடை கிடைக்கவில்லை, ஆயினும் அடக்க நாளன்று வராத கண்ணீர் அன்று வந்தது. நண்பர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவருடைய செபமாலை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

காலைத் திருப்பலி கண்டபின் அம்மாவிடம் பேசினேன். "அம்மா, இதுவரை சொன்னது பொய். இன்றைக்குத்தான் அப்பாவுக்காகப் பூசை கண்டேன்." சற்று நேரம் மௌனம். "எனக்குத் தெரியும், ராசா. சாப்பிட்டாயா?" என்றார்.

பெற்றோரே, அயல்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளையிடம் சம்பளம், குளிர், சாப்பாடு எல்லாம் விசாரிக்கிறீர்கள். இனி இதனையும் கேளுங்கள்: "அங்கே உனக்கு நண்பன் யார்?" அயல்நாட்டில் வாழும் இளைஞரே, உங்கள் அருகறையில் ஒருவன் சனிக்கிழமை மாலை தனித்திருக்கக் கூடும். அவன் கதவைத் தட்டுங்கள்.