இளஞ்சிறார் வகுப்பும் மதிப்புடைமையும்

பிள்ளையை முதல் வகுப்பிற் சேர்க்கவரும் தந்தையர் சிலர், "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்வது நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. அஃது வன்மத்தாற் கூறுவதன்று. ஆசிரியர்பால் தாம் வைத்துள்ள நம்பிக்கையையே அவ்வாறு வெளியிடுகின்றனர். ஆயினும் அருகில் விரலைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை அதனை எங்ஙனம் கேட்கும்? தான் புகவிருக்கும் இடம் தோலுரிக்கும் இடமென்றே அது கொள்ளும்.

இளஞ்சிறார் வகுப்பு மகிழ்ச்சியுடையதாதல் வேண்டும் என்பதில் இன்று எவரும் மாறுபடார். அம்மகிழ்ச்சி எதனால் விளையும் என்பதிலேயே கருத்து வேறுபடுகின்றது. வண்ணப்படத்தாலும் பாட்டாலும் ஆட்டத்தாலும் விளையும் என்பர் பலர். அவை வேண்டற்பாலனவே. ஆனால் குழந்தையை ஓர் ஆளாக மதித்தல் முதற்கண் வேண்டும்; அம்மதிப்பில்லாத வகுப்பில் பாட்டும் ஓர் ஏவலாகவே முடியும் என்பது எமது துணிபு.

1823ஆம் ஆண்டிற் பல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் துரை, அம்மாவட்டத்து நாட்டுப்பள்ளிகளைப் பற்றி விரிவான அறிக்கையொன்று எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையிற் கலைமகளின் பெயர் எழுதப்படும், இரண்டாவது வருபவன் கையிற் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாய் ஏறும் என்று அதில் உரைக்கின்றார். பிள்ளைகளைக் காலத்தோடு வரச்செய்தற்கு ஏற்ற வழியென அன்று இது தோன்றியிருக்கலாம். எனினும் சிறிது எண்ணிப்பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் பொழுது புலருமுன்னரே வந்துவிட்டாலும், நாற்பதாமவன் ஒருவன் இருந்தே தீருவானன்றோ? அவன் எவ்வளவு விரைந்து வந்தாலும் அவனுக்கு அடி உறுதி. கடைசிப் பிள்ளை ஒருவனை நாடோறும் உண்டாக்கித்தரும் ஏற்பாடு அது. இன்று பிரம்பு பெரும்பாலும் மறைந்தது. அந்தக் கடைசிப் பிள்ளை மட்டும் பல வகுப்புகளில் இன்னும் அமர்ந்திருக்கின்றான்.

பிரம்பை விலக்கியது சட்டம். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடற்றண்டனைக்கு இடந்தந்த 51ஆம் விதி 2003ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. பின்னர் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தனது 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் ஒருங்கே தடுத்தது. முன்னதை எல்லோரும் அறிவர். பின்னதை அறிந்தவர் சிலரே. "மக்கு", "களிமண்", "உனக்கெல்லாம் படிப்பு எதற்கு" என்னும் சொற்கள் சட்டத்திற்கு மாறானவை என்று கேட்டால் வியப்புறும் ஆசிரியர் உளர். அடியின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். அதனைக் கண்டு தாய் வினவுவாள். சொல்லின் தழும்பைக் காண்பவர் யார்?

எமக்கு நன்கு தெரிந்த திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் விடியுமளவும் மக்கள் வலம் வருவர். அவர்கட்குப் பூவும் கற்பூரமும் தேநீரும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அக்குடும்பத்துச் சிறுவன் மறுநாட் காலை வகுப்பிற் கண்ணயர்வது இயல்பே. அவனை எழுப்பிச் சுவரோரம் நிற்கவைத்து, "இரவெல்லாம் என்ன வேலை பார்த்தாய்?" என்று வகுப்பே நகைக்கக் கேட்கும் ஆசிரியர் ஒருவர், "நேற்று எத்தனை முழம் விற்றீர்கள்? முழம் என்ன விலை?" என்று கேட்டு, அவன் கூறும் விடையையே அன்றைய கணக்காகக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் மற்றொருவர். இருவரும் ஒரே சம்பளம் பெறுகின்றனர். ஒரே பயிற்சி பெற்றுள்ளனர். முன்னவர் வகுப்பில் அச்சிறுவன் தன் வீட்டை எண்ணி நாணக் கற்றுக்கொள்கின்றான். பின்னவர் வகுப்பிற் பெருக்கல் கற்றுக்கொள்கின்றான். (சிறுவன் இரவில் உழைத்தல் தகாது என்பதில் எமக்கு ஐயமில்லை. அதற்காக நாம் அணுகவேண்டியவர் பெற்றோரேயன்றிக் குழந்தையல்லர்.)

இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடிப் பிள்ளைகள் சமவெளிப் பள்ளிக்கு வருங்கால், அவர்தம் பேச்சைக் கேட்டு உடன்பயில்வோர் சிரிப்பர். ஆசிரியரும் உடன்சிரித்தாலோ, அப்பிள்ளை அன்றோடு வாய் திறவாது. தமிழ் பயிலும் நாம் இதனைப் பொறுத்தல் ஆகாது. செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியனார், திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தாரல்லரோ? இலக்கணம் இடங்கொடுத்த சொல்லுக்கு முதல் வகுப்பு இடங்கொடாதிருத்தல் விந்தையே!

"மாணாக்கன் ஆசிரியரை அஞ்சி ஒழுகவேண்டும் என்று நன்னூலே கூறுகின்றதே" என்பார் உளர். உண்மை. குளிர்காய்வோன் தீயினிடத்து நிற்பதுபோல, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் நிற்குமாறு பவணந்தியார் விதிக்கின்றார். ஆனால் அவர் விதித்தது இலக்கணம் கேட்க வந்த வளர்ந்த மாணாக்கனுக்கு. எவ்வளவு தொலைவில் நிற்கலாம் என்று அளந்தறிய வல்லவன் அவன். ஐந்து வயதுக் குழந்தை தீயைக் கண்டால் ஒன்று கைநீட்டும், அன்றேல் அலறி ஓடும். இடைநிலை அதற்குத் தெரியாது. மேலும், மாணாக்கனுக்குத் தீயை உவமை கூறிய அந்நூலே ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் கூறியுள்ளது. முன்னதை எடுத்துக்காட்டுவோர் பின்னதை ஏனோ மறந்துவிடுகின்றனர். உரிய பொழுதில் முகம் மலர்தல் பூவின் இயல்பு. வகுப்பில் நுழையும் ஆசிரியரின் முகத்தையே குழந்தைகள் முதலிற் படிக்கின்றனர், பாடப்புத்தகம் பிறகுதான்.

2022ஆம் ஆண்டில் நம் அரசினர் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டனர். அழகிய பெயர்கள். பின்தங்கிய பிள்ளையை மக்கு என்னாது அரும்பு என்றழைத்தவர் யாராயினும் அவரை வணங்குகின்றோம். ஆயினும், "அரும்பெல்லாம் அந்த மூலைக்குப் போங்கள்" என்று உரத்துக் கூறும் ஒரு குரல் போதும். அரும்பு என்பதே மக்கு என்பதன் மறுபெயராய்விடும்.

இடத்தின் அமைப்பும் மதிப்பைக் காட்டும். 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியிற் குழந்தையர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், பின்னர்க் குழந்தையின் உயரத்திற்கேற்ற நாற்காலியும் மேசையும் செய்வித்தார். 1939இற் சென்னை அடையாற்றிற்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்க்கும் பயிற்சியளித்தார். 2003இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிற் சிலவற்றில் தொடங்கிப் பின் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், சுவரின் அடிப்பாகத்திற் குழந்தைக்கு எட்டுமாறு கரும்பலகை தீட்டினர். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். திருவண்ணாமலையின் புறத்தே கணத்தம்பூண்டியில் 2009இல் எழுந்த மருதம் பண்ணைப் பள்ளியில், சிற்றூர்ப் பிள்ளைகளும் வெளியூரார் பிள்ளைகளும் கலந்து பயில்கின்றனர். மலையும் மரமும் அங்குப் பாடமாகின்றன.

அத்தகைய சிறுபள்ளியை அளவுகோலாக்குதல் முறையோ என்று வினவலாம். வினா நேரியதே. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை மேய்க்கும் பள்ளியில், பதிவேடுகளுக்கும் படிவங்களுக்கும் இடையே, முகமலர்ச்சி எங்கிருந்து வரும்? ஆசிரியரை மதியாத அரசும் ஊரும் குழந்தையை மதிக்குமாறு அவரை ஏவுதல் அறமன்று. இதனை ஒப்புகின்றோம். ஆனால் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தற்கும் பட்டப்பெயர் சொல்லி அழைத்தற்கும் ஆகும் நேரம் ஒன்றே. பசித்த பிள்ளைக்கு உணவளித்தற்குப் பொருள் வேண்டும். அதனை 2022இல் தொடங்கிய காலையுணவுத் திட்டம் ஓரளவு செய்தது. சொல்லை மாற்றப் பொருள் வேண்டுவதில்லை.

கிறிஸ்தவராகிய நம்மிடையே, நீதிமொழிகளிற் பிரம்பைப் பற்றி வருவதை எடுத்துக்காட்டுவோர் இன்னும் உளர். அவர்க்கு மாற்கு எழுதிய சுவிசேஷத்தை நினைவூட்டுவோம். குழந்தைகளைக் கொண்டுவந்தோரைச் சீடர் அதட்டியபோது ஆண்டவர் சினங்கொண்டார். அச்சினம் சந்தடி செய்த பிள்ளைகள்மேலன்று; ஒழுங்கு காத்ததாக எண்ணிக்கொண்ட சீடர்மேலேயே.

நம் கல்லூரியில் தமிழ் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராவர், பிறர் பெற்றோராவர். கல்வியுரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயும், மொத்தத்திற் பாதியினர் மகளிராயும் இருத்தல் வேண்டும். அக்கூட்டங்களிற் சுற்றுச்சுவரும் குடிநீரும் கழிப்பிடமும் பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். ஒரு கூட்டத்திலேனும், வகுப்பிற் பிள்ளைகள் எச்சொல்லால் அழைக்கப்படுகின்றனர் என்னும் வினாவை யாரேனும் ஒரு தாய் எழுப்புவாராக. விடை கூறுதற்குத் தலைமையாசிரியரோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரையும் அழைத்து அமர்த்துதல் நன்று.