"பாசிட்டிவா இரு தம்பி" என்றால் போதுமா? கூர்நோக்கு இல்லச் சிறுவர்களுக்கு நம்பிக்கையைக் கற்றுத்தர முடியுமா?

17 வயதுப் பையன் ஒருவன், செல்போன் பறிப்பு வழக்கில் சிக்கி கூர்நோக்கு இல்லத்துக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து, "பாசிட்டிவா யோசி தம்பி, எல்லாம் சரியாகிடும்" என்று ஒரு மணி நேரம் பேசுகிறார். பையனும் கைதட்டுகிறான். ராத்திரி படுக்கும்போது அவன் மனதில் ஓடுவது வேறு: "வெளிய போனா யாரு நம்மள வேலைக்குச் சேர்ப்பா? ஏரியாவுல எது காணாமப் போனாலும் போலீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

இதை வெறும் நெகட்டிவ் எண்ணம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் பாதி, அவன் கண்ணால் பார்த்தது. அப்படிப்பட்ட ஒருவனுக்கு நம்பிக்கையோடு யோசிக்கக் கற்றுத்தர முடியுமா? முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் மேடைப் பேச்சால் அல்ல.

யார் இந்தச் சிறுவர்கள்?

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவர் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதில் இருப்பார்கள். விசாரணை முடியும்வரை தங்கவைக்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். குற்றம் உறுதியானால், குழுமம் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம்.

அதாவது, இந்தப் பையன்களில் பெரும்பாலானோர் 20 வயதைத் தொடும் நேரத்தில் நம் தெருவில்தான் இருக்கப்போகிறார்கள். உள்ளே என்ன கற்றுக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்பது அவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை.

நம்பிக்கை என்றால் என்ன?

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேன் இதை எளிமையாக விளக்குகிறார். ஒரு கெட்டது நடந்தால், அதற்கு நாம் மனதுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் காரணத்தில் மூன்று விஷயங்கள் முக்கியம். இது எப்பவும் இப்படித்தானா, இப்போதைக்கா? வாழ்க்கை முழுக்கப் பாதிக்குமா, ஒரு விஷயத்தை மட்டுமா? முழுக்க நான்தான் காரணமா, வேறு காரணங்களும் உண்டா?

"நான் உருப்படவே மாட்டேன்" என்பது நிரந்தரமான காரணம். "அன்னைக்கு அந்த கேங்கோட போனது தப்பு" என்பது ஒரு நாளோடு, ஒரு செயலோடு நிற்கும் காரணம். இரண்டாவதாகச் சொல்லிக்கொள்பவர் அடுத்த முயற்சியை எடுக்க வாய்ப்பு அதிகம். இப்படிச் சொல்லிப் பழகுவதைத்தான் பயிற்சியாகக் கொடுக்க முடியும் என்கிறார் செலிக்மேன்.

"அப்போ குற்றம் செஞ்சவனுக்கு சாக்கு சொல்லிக்கொடுக்கிறீங்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். "செஞ்சது தப்பு" என்பதும் "நானே தப்பானவன்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பொறுப்பேற்பு இருக்கிறது, மாறவும் வழி இருக்கிறது. இரண்டாவதில், மாறுவதற்கான முயற்சியே தேவையில்லாமல் போய்விடுகிறது. பயிற்சி குறிவைக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

50 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம்

1967இல் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் நடத்திய நாய் பரிசோதனை பிரபலம். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் முயற்சி செய்யாமல் படுத்தே கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள்.

2016இல் இருவருமே மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது இயலாமை இல்லை, "என் கையிலயும் ஏதோ இருக்கு" என்ற உணர்வுதான். அதை அனுபவத்தில்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள்.

சிறார் இல்லங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எழுவது, சாப்பிடுவது, தூங்குவது என எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவுசெய்யும் இடத்தில் வாரம் ஒரு மணி நேரம் நம்பிக்கை வகுப்பு நடத்தினால், மற்ற நேரமெல்லாம் அதற்கு எதிர்ப்பாடம்தான் நடக்கும்.

சிகாகோவில் என்ன செய்தார்கள்?

சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்டியின் சிறார் தடுப்பு மையத்தில் ஒரு சோதனை நடந்தது. சில பிரிவுகளில் மட்டும், தன் எண்ணத்தைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சியைக் குழுவாகக் கொடுத்தார்கள். சிபிடி என்று சொல்லப்படும் உளவியல் முறைதான் இதன் அடிப்படை. நடத்தியவர்கள் உளவியல் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற மைய ஊழியர்கள். எந்தப் பையன் எந்தப் பிரிவுக்குப் போவான் என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், இரு தரப்பையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது.

2017இல் வெளியான ஆய்வின்படி, இந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் மீண்டும் அந்த மையத்துக்கே திரும்பி வருவது 21% குறைந்தது.

அதே ஆய்வில், சிகாகோ பள்ளிகளில் நடக்கும் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டமும் அலசப்பட்டது. அதில் ஒரு பயிற்சி: ஒருவன் கையில் பந்து. மற்றவன் 30 நொடியில் அதை வாங்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் விரலைப் பிரிக்கவும் மல்லுக்கட்டவும் செய்வார்கள். முடிந்ததும், "ஏன் யாருமே 'கொடு'ன்னு கேக்கல?" என்று பயிற்சியாளர் கேட்பார். கேட்டால் கிடைக்காது என்று முடிவுசெய்தபிறகுதான் கை நீளுகிறது என்பது பையன்களுக்கே அப்போது புரியும். இந்தத் திட்டம் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50% வரை குறைந்தன.

இதிலும் கவனம் தேவை. தடுப்பு மையத்தில் பயிற்சியோடு சேர்த்து, நல்ல நடத்தைக்குப் புள்ளியும் சலுகையும் தரும் முறை போன்ற மாற்றங்களும் வந்தன. எனவே முழுப் பலனையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. பள்ளித் திட்டத்திலும், பயிற்சி முடிந்தபிறகு கைதுகளில் அதே வித்தியாசம் நீடிக்கவில்லை. ஒருமுறை போட்டால் போதும் என்பதற்கு இது தடுப்பூசி இல்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

2022 டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டில் அரசு சிறார் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர்களே கைதானார்கள். அதன்பிறகு, இந்த இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2023இல் குழு அறிக்கை கொடுத்தது. அடி விழும் இடத்தில் எந்த உளவியல் பயிற்சியும் வேலைசெய்யாது. பாதுகாப்பு முதலில், பாடம் அடுத்து.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பிரிவு 53, இல்லங்களில் வாழ்க்கைத் திறன் கல்வியும் மனநல ஆலோசனையும் தரச் சொல்கிறது. 6 வயதுக்கு மேற்பட்டோர் இருக்கும் இல்லங்களில் குழந்தைகள் குழு அமைக்கவும் சொல்கிறது. இந்தக் குழு காகிதத்தில் மட்டும் இல்லாமல், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொன்னால் மறுநாள் சரியாகும் அளவுக்கு இயங்கினாலே, "நான் சொன்னா நடக்கும்" என்ற முதல் அனுபவம் அந்தப் பையனுக்குக் கிடைக்கும்.

வெளியே வந்தபிறகு?

"யாரு வேலை தருவா?" என்ற அவன் கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. பிரிவு 24இன்படி, சிறாராக இருந்தபோது செய்த குற்றம் பிற்காலத்தில் தகுதியிழப்பு ஆகக் கூடாது. உரிய காலம் கழித்து, தண்டனை தொடர்பான பதிவுகளையும் அழிக்க வேண்டும். கொடுங்குற்ற வழக்கில் பெரியவர்களைப்போல விசாரிக்கப்பட்ட 16 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இதில் விதிவிலக்கு. சிஐஎஸ்எஃப் பணி தொடர்பான ஒரு வழக்கில், சிறார் பருவத்து வழக்கைக் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இதை எத்தனை பையன்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்கள்? எத்தனை காவல் நிலையங்களில் பழைய பதிவு உண்மையிலேயே அழிந்திருக்கும்? நம்பிக்கைப் பயிற்சியின் முதல் பாடமாக பிரிவு 24ஐயே வைக்கலாம். அதற்குமுன், அந்தப் பிரிவு சொல்வதை நாம் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால், ராத்திரி அந்தப் பையன் மனதில் ஓடியதுதான் சரியான கணக்கு என்று நாமே நிரூபித்ததாகிவிடும்.