எங்களுக்கு மட்டும் ரெண்டு பயம்

“பாதுகாப்புக்குத்தானே, பையைத் திறந்து காட்டினால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்கிறீர்கள். காட்டினோமே! யுத்த காலம் முழுக்கக் காட்டினோம். கண்டியிலிருந்து வத்தேகமை வழியாகப் பன்விலைக்கு வரும் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும்தான் இறக்குவார்கள். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ரோட்டோரம் நிற்பது யார்? தோட்டத்துத் தமிழர்கள் நாங்கள். எந்தத் தோட்டம், எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்வரை பஸ் முழுக்க ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். பை திறந்ததற்கு நான் அழவில்லை. அந்தப் பார்வைக்குத்தான் இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது.

குண்டு பொய் என்று சொல்ல வரவில்லை. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் வெடித்தது நிஜம். 2008 ஜூன் 6ஆம் திகதி காலையில் மொறட்டுவையிலும், பின்னேரம் கண்டியை ஒட்டிய பொல்கொல்லையிலும் பஸ்ஸில் வெடித்ததும் நிஜம். சீட்டுக்கடியில் யாருடையதென்று தெரியாத பார்சலைக் கண்டால் எங்கள் வயிறும்தான் கலங்கியது. பக்கத்து சீட்டுக்காரருக்குப் பார்சல் மட்டும்தான் பயம். எங்களுக்குப் பார்சலும் பயம், பக்கத்து சீட்டுக்காரரும் பயம்.

“பஸ்சுல வாயத் தொறக்காத. போன் வந்தா எடுக்காத. பொட்ட அழிச்சிட்டுப் போ, புள்ள.” லயத்து வாசலில் நின்று அம்மாமார் இப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அதைப் புத்தி என்று மெச்சுகிறீர்கள். பொட்டை அழித்துவிட்டுத்தான் ஒரு பெண் பத்திரமாகப் போய்வர முடியும் என்றால், அந்தப் பத்திரத்தில் நெருப்பைத்தான் வைக்க வேண்டும்.

1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் எங்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் கண்டி டவுனுக்கும் வந்தது. இதையெல்லாம் பார்த்த சனத்திடம் போய், “சும்மா எல்லாத்தையும் இனவாதம்னு நினைக்காதீங்க” என்கிறீர்கள். நாங்களா நினைத்துக்கொள்கிறோம்? 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூற்றுக்கும் அதிகமானோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பினார்கள். அதற்குச் சொன்ன காரணமும் பாதுகாப்புத்தான். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பஸ் புறப்பட்டிருக்குமோ.

சரி, நீங்கள் சொல்கிறபடியே அடங்கி, அரசாங்கத்தின் கைக்குள்ளேயே இருந்தால் பத்திரம்தானா? பிந்துனுவெவவில் இருந்த பையன்கள் அப்படித்தான் இருந்தார்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் அரசாங்கமே நடத்திய புனர்வாழ்வு முகாம் அது. 2000 ஒக்டோபர் 25 காலையில் கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. பொலிஸ் அங்கேயே நின்றது. அந்த வழக்கில் மரண தண்டனை பெற்றவர்களில் கடைசி நான்கு பேரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆக, குற்றவாளி என்று ஒருவனும் மிஞ்சவில்லை. இதற்குப் பிறகும் கவனமாக இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தானாம்!

என் ஆட்கள்மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, அதே பஸ்ஸில் அதே பார்வை மடவளையில் ஏறுகிற முஸ்லிம் பெண்கள் பக்கம் திரும்பியது. அபாயா போட்ட ஒரு அம்மாவுக்குப் பக்கத்து சீட் காலியாகவே வரும். சனம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும். அப்படித் தொங்கியவர்களில் தோட்டத்துச் சனமும் இருந்தது. எண்பத்துமூன்றில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்த கிழவிகூட, “நமக்கெதுக்கு வம்பு, தள்ளி நில்லு” என்றாள். அடி கிழவி, உன்னைப் பார்த்தும் இதைத்தானே சொன்னார்கள்!

அதற்கு ஒரு வருசம் முந்தித்தான், 2018 மார்ச்சில், திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி இறந்ததைச் சாட்டாக வைத்து ஒரு சமூகத்தையே எரித்தார்கள். எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞன் செத்துக் கிடந்தான். நாடு முழுக்க அவசரகால நிலை, பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் தடை. எங்கள் பிள்ளையின் பால் போத்தலைத் திறந்து மோந்து பார்த்த ராச்சியம் இது. ஊரடங்கு போட்ட பிறகும் பெற்றோல் குண்டோடு கும்பல் கும்பலாக ரோட்டில் போனார்களே, அவர்களை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்க அன்றைக்கு ஒரு ஆளும் இல்லையா?